எல்லாப் பரிசோதனையும் நார்மல், ஆனால் தசைவலி விடவில்லை. அன்றாட வேலைகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

உங்கள் வீட்டிலும் "ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லையே, அப்புறம் என்ன?" என்று கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதைக் கேட்டுக் கேட்டு நொந்துபோனவள் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு இருப்பது ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடம்பெங்கும் நீடித்த வலியும் அசதியும் தரும் நோய். உங்களுக்கும் அதுதான் என்று சொல்லவில்லை, நான் மருத்துவரும் இல்லை. தைராய்டு, வைட்டமின் டி, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் இஎஸ்ஆர், தசை சேதத்தைக் காட்டும் சிபிகே இதெல்லாம் பார்த்தாகிவிட்டதா என்று முதலில் கேளுங்கள். கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும், சிலருக்கு அதனாலேயே தசைவலி வரும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நான் முதலில் பார்த்த மருத்துவர் கழுத்து, தோள், முழங்கால் என்று அங்கங்கே விரலால் அழுத்தி எண்ணினார். 18 இடங்களில் 11 இடமாவது வலிக்க வேண்டுமாம். எனக்கு அவ்வளவு தேறவில்லை. "மனசை லேசாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார். அது 1990-ல் வந்த கணக்கு. 2010-லேயே அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் (மூட்டு, தசை நோய்களைப் பார்ப்பவர்கள்) அழுத்தி எண்ணாமலே நோயைக் கண்டறியும் முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அடுத்துப் பார்த்த வாதநோய் நிபுணர் அழுத்தவே இல்லை. எங்கெல்லாம் வலிக்கிறது, காலையில் எழும்போதே அசதியா, மறதி உண்டா என்று கேட்டார். தசையில் கிழிசலோ வீக்கமோ இல்லை, வலியை உணரும் நரம்பு மண்டலம்தான் சத்தத்தைக் கூட்டிவைத்த ரேடியோ மாதிரி ஆகிவிட்டது என்றார். அந்த விளக்கமே எனக்குப் பாதி மருந்து.

சரி, அன்றாடத்துக்கு வருகிறேன். வலி குறைந்த நாளில்தான் கவனம் வேண்டும். அன்றைக்கு நின்றுபோன வேலையெல்லாம் முடித்துவிடத் தோன்றும், முடித்தால் அடுத்த சில நாட்கள் படுக்கைதான். மோசமான நாளில் எவ்வளவு முடியுமோ அதையே அளவாக வைத்து, நல்ல நாளில் கொஞ்சம் மட்டும் கூட்டுகிறேன். போனில் அலாரம் வைத்திருக்கிறேன். அடித்தால் பாதித் துணி மடிக்காமல் கிடந்தாலும் எழுந்துவிடுவேன். காய் நறுக்குவது உட்கார்ந்துதான். பார்க்கிறவர்களுக்குச் சோம்பேறித்தனமாகத் தெரியும், தெரியட்டும்.

இப்படி நடுவில் எழுந்துகொள்ளும் உரிமையை நான் போராடி வாங்கியது அலுவலகத்தில். அசையாமல் உட்கார்ந்தால் இடுப்பும் தோளும் இறுகிவிடும். கூட்டங்களில் நடுவே எழுந்து நிற்க அனுமதி கேட்டேன். "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறீர்கள்" என்றார் மேலதிகாரி. மருத்துவரிடம் கடிதம் வாங்கி, என்ன தேவை, எதனால் என்று எழுதிக் கொடுத்தேன். முகம் சுளித்தார்கள், நான் விடவில்லை. இன்றும் அதே வேலையில் இருக்கிறேன், கூட்டத்தில் பின்வரிசையில் நின்றுகொண்டே பேசுகிறேன். இதில் எனக்குப் பெருமைதான்.

உடற்பயிற்சி என்றதும் "வலிக்கிறவளிடம் நடக்கச் சொல்கிறாயா" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள், தெரியும். 2017-ல் வெளியான ஐரோப்பிய வாதநோய்ப் பரிந்துரைகளில் வலுவாகப் பரிந்துரைக்கப்பட்டது உடற்பயிற்சி ஒன்றுதான், மாத்திரைகள்கூட அதற்கு அடுத்துத்தான். தெருமுனை வரை நடப்பதிலிருந்து தொடங்கி மெதுவாகக் கூட்டினேன். தூக்கமும் அதே அளவு முக்கியம். 1975-லேயே மோல்டோஃப்ஸ்கி என்ற ஆய்வாளர், ஆரோக்கியமாக இருந்தவர்களின் ஆழ்ந்த தூக்கத்தைக் கலைத்தபோது அவர்களுக்கும் தசைவலி வந்ததைக் காட்டியிருக்கிறார். எனக்குத் தூக்கத்துக்காகக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரை கொடுத்தார்கள், ஒத்துக்கொண்டது. எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று இல்லை. ஐபுப்ரோஃபென் போன்ற சாதாரண வலி மாத்திரைக்கு இந்த வலி பெரிதாகக் கேட்காது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அம்மாவைத் தூக்கி உட்காரவைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் என் பொறுப்பு. அண்ணன் நல்ல திடகாத்திரமான மனிதர். வாரம் ஒருமுறை வந்து அம்மாவின் கையைப் பிடித்தபடி பேசிவிட்டுப் போவார், ஊரெல்லாம் அவரைத்தான் பாசமான பிள்ளை என்கிறது. மகள் என்றால் உடம்பு கேட்காமலே உழைக்கும் என்று யார் முடிவு செய்தது? ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன், "அண்ணா, தூக்குகிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று. இன்னும் பதில் வரவில்லை.

உங்களுக்கு ஒன்று: அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எங்கே வலிக்கிறது, எப்படித் தூங்குகிறீர்கள், என்ன செய்தால் மறுநாள் கூடுகிறது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். அங்கே உட்கார்ந்ததும் பாதி மறந்துவிடும். "நார்மல்" என்று சொல்லி அனுப்பப் பார்த்தால் அந்தத் தாளைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.