தாத்தாவின் கையெழுத்தும் ஸ்கேலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. என் தாத்தா நெல் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவருடைய கணக்கு நோட்டுகள் நான்கு என்னிடம் இருக்கின்றன. எழுத்து முத்து முத்தாக இருக்கும். தொகைகளைத் தமிழ் எண்களிலேயே எழுதியிருக்கிறார். அந்தக் கையெழுத்தை எழுத்துருவாக்க எட்டு மாதமாக ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு வரையும் மென்பொருளில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லா எழுத்தும் 600 அலகு உயரம், எல்லாக் கோடும் 80 அலகு தடிமன். ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆனால் 'கனவு' என்று அடித்தால் ன-வும் வு-வும் குட்டையாகத் தெரிகின்றன. 'பாடம்' என்று அடித்தால் ட-வை ஒட்டி ஒரு ஓட்டை. 6-ஐத் திருப்பி 9 செய்தேன், அது கவிழ்ந்துவிடும்போல நிற்கிறது. தமிழ் எண் ஒன்றுக்கு (௧) க-வையே நகலெடுத்து வைக்கலாமா? படங்கள் இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு செய்கிறேன்?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

படங்களை இரண்டு நாளாகப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் அளவுகள் எல்லாம் சரி. கண் அவற்றை ஒப்புக்கொள்ள மறுக்கிறது, அவ்வளவுதான். கணக்கு சொல்லிக்கொடுப்பவருக்கு இது உறுத்தும் என்று தெரியும். ஆனாலும் எழுத்துரு வேலையில் ஸ்கேல் ஒன்று சொல்லி, கண் வேறொன்று சொன்னால், கண் பக்கம்தான் நிற்க வேண்டும்.

'கனவு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். க-வின் தலையில் நேரான கிடைக்கோடு. அது 600 என்ற உயரத்தை முழு நீளத்துக்கும் தொட்டுக்கொண்டு போகிறது. ன-வும் வ-வும் மேலே வளைபவை. வளைவின் உச்சி 600-ஐ ஒரே ஓர் இடத்தில் தொட்டுவிட்டு உடனே இறங்கிவிடுகிறது. அதனால் கண் அந்த எழுத்தைக் குட்டை என்றே எடுத்துக்கொள்கிறது. ன, ண, ள, வ, ற எல்லாவற்றின் வளைவையும் 8 முதல் 12 அலகு வரை மேலே தூக்கிவிடுங்கள். ல, ஒ போல அடியில் உருண்டவற்றைக் கோட்டுக்குக் கீழே அதே அளவு இறக்குங்கள். ஸ்கேலுக்கு அது பிசகு. அச்சடித்துப் பார்த்தால் வரிசை நேராகிவிடும்.

கோட்டின் தடிமனும் இதே கதைதான். படுத்திருக்கும் கோடு, நின்றிருக்கும் கோட்டைவிடத் தடிமனாகத் தெரியும். இரண்டுக்கும் 80 கொடுத்ததால்தான் உங்கள் க-வும் த-வும் தலையில் பலகையைச் சுமப்பதுபோல் இருக்கின்றன. கிடைக்கோட்டை 72-க்குக் கொண்டுவந்து பாருங்கள்.

'பாடம்' ஓட்டைக்குக் காரணம் ட-வின் உடம்பு. இடப்பக்கம் ஒரு நெடுங்கோடு, அடியில் ஒரு படுக்கைக்கோடு, மீதி இடம் எல்லாம் வெறுமை. மற்ற எழுத்துகளுக்கு விட்ட அதே பக்க இடைவெளியை ட-வுக்கும் விட்டால், அந்த வெறுமையும் இடைவெளியும் சேர்ந்து பள்ளமாகிவிடும். அடிக்கோட்டைக் கொஞ்சம் குறைத்து, வலப்பக்க இடைவெளியைப் பாதிக்கும் கீழே கொண்டுபோங்கள். 'பட்டம்' என்று அடித்தால் முதல் ட்-இன் புள்ளி அந்த வெறுமையில் வந்து உட்கார்ந்து பள்ளத்தை ஓரளவு மூடிவிடும், அடுத்த ட-வில் மறுபடி திறக்கும். அதனால் ட-வைத் திருத்தும்போது இந்த இரண்டு சொல்லையும் சேர்த்தே வைத்துப் பாருங்கள். தனி எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு திருத்துவதில் பாதி நேரம் வீண்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் மூன்று சுழி ண பெரிய அளவில் பார்க்க அழகாக இருக்கிறது. நான் முதன்முதலில் வரைந்த ண-வும் அப்படித்தான் இருந்தது. அதை ஒரு கோயில் திருவிழா நோட்டீஸுக்குக் கொடுத்தேன். 10 பாயிண்ட் அளவில், மலிவான தாளில் அச்சாகி வந்தபோது சுழிகள் மையால் அடைபட்டு மூன்று கரும்பொட்டுகளாக நின்றன. 'கண்ணன்' என்ற பெயரைப் படிக்க முடியவில்லை. அன்று அந்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து ண-வுக்கு எப்போதும் கூடுதல் அகலம் கொடுக்கிறேன். சுழிகளின் உள்வெளியைத் தேவைக்கு மேல் திறந்து வைக்கிறேன். கோடு இன்னொரு கோட்டோடு சேரும் இடத்தில் 80-ஐ 60 வரைகூட மெலிய விடுகிறேன். பெரிதாகப் பார்க்கும்போது அந்த மெலிவு உறுத்தும், பரவாயில்லை. 1862-இல் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி.ஆர். ஹண்ட் அச்சிட்ட வின்சுலோவின் தமிழ் அகராதியின் பக்கங்கள் கிடைத்தால், அவ்வளவு பொடி எழுத்தில் சுழிகள் எப்படித் திறந்து நிற்கின்றன என்று பாருங்கள். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்து தாளைத் தின்றன. அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். எழுத்தைச் சிறிதாக்குவது எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கும் வேலை இல்லை. சுழிகளை மறுபடி புதிதாக வரைய வேண்டும்.

அப்புறம், உங்கள் வ-வில் 58 கணுக்கள் இருக்கின்றன. (வளைவைப் பிடித்து இழுக்கும் புள்ளிகளை நான் கணு என்றே சொல்கிறேன், மெய்யெழுத்தின் புள்ளியோடு குழம்ப வேண்டாம்.) ஸ்கேன் செய்த படத்தைக் கணினியே தடம்பிடித்துக் கொடுத்தது என்று பார்த்ததும் தெரிகிறது. அந்த 58-இல் பாதிக்கு மேல் தாத்தாவின் கை இல்லை. தாளின் நாரும் மையின் கசிவும்தான். படத்தை அடியில் வைத்துவிட்டு மேலே நீங்களே வரையுங்கள். வளைவின் உச்சி, அடி, இட ஓரம், வல ஓரம் என்று கோடு திரும்பும் இடங்களில் மட்டும் கணு வையுங்கள். இருபதுக்குள் முடிந்துவிடும். அவருடைய ழ-வின் வால் இடப்பக்கம் ஒரு வெட்டு வெட்டித் திரும்புகிறதே, அதை மட்டும் நேராக்கிவிடாதீர்கள். அது கசிவு இல்லை, அவர் கை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ம-வை முதல் நோட்டிலிருந்தும் க-வை மூன்றாவது நோட்டிலிருந்தும் எடுத்திருக்கிறீர்கள், எங்கே அழகாக விழுந்ததோ அங்கிருந்து. இரண்டுக்கும் நடுவில் அவர் பேனாவை மாற்றியிருக்கிறார், வயதும் கூடியிருக்கிறது. ஒரே நாள் கணக்கு, ஒரே பக்கம் என்று எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். அந்தப் பக்கத்தில் இல்லாத எழுத்தை மட்டும் வெளியே தேடலாம்.

சரி, எண்களுக்கு வருகிறேன். செய்தித்தாளில் ஒரு 8-ஐத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். மேல் வட்டம் பூதாகரமாகத் தெரியும். நேராக இருக்கும்போது இரண்டும் சமம்போலத் தெரிவதற்காக மேல் வட்டத்தைச் சிறிதாகவே வரைகிறார்கள், ஏனென்றால் மேலே இருப்பதைக் கண் பெரிதாக எடுத்துக்கொள்ளும். 6-இன் வயிறு அடியில் இருப்பதால் உறுதியாக நிற்கிறது. அதே வயிற்றை 9-இல் தலைக்குக் கொண்டுபோனால் தலை கனத்துவிடும். 9-இன் வட்டத்தை ஒரு சுற்று குறைத்து, அடி வளைவைக் கொஞ்சம் அகட்டி விடுங்கள். உயரத்தில், தமிழ் எழுத்தைவிட எண்கள் ஒரு விரற்கடை உயர்ந்திருந்தால் போதும். ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்துக்குக் கொண்டுபோனால் வரியில் ஆண்டு மட்டும் கத்தும். கணக்குப் பட்டியலுக்குப் பயன்பட வேண்டும் என்றால் பத்து எண்ணுக்கும் ஒரே அகலம் கொடுங்கள்.

௧-க்கு க-வை நகலெடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடு பட்டியலில் இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு, கணினி குழம்பாது. படிப்பவர் குழம்புவார். ௨-வும் உ-வும், ௭-வும் எ-வும், ௮-வும் அ-வும், ௰-வும் ய-வும் இதே சிக்கல்தான். இதற்கு விடை உங்கள் நோட்டிலேயே இருக்கிறது. நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில் 'கடன்' என்ற சொல்லும் அதன் எதிரே ௱௨௰௧ (121) என்ற தொகையும் இருக்கின்றன. சொல்லில் உள்ள க அடக்கமாக நிற்கிறது. தொகையின் கடைசியில் உள்ள ௧-இன் வாலை வலப்பக்கம் நீட்டி இழுத்துவிட்டிருக்கிறார். எழுத்து வேறு, எண் வேறு என்று அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது. அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ௨, ௭, ௮ மூன்றிலும் இதே வித்தியாசத்தைத் தேடுங்கள், கிடைக்கும் என்றே நினைக்கிறேன்.

ஒரே ஓர் எண்தான் அந்த நோட்டுகளில் கிடைக்காது. ௰, ௱, ௲ என்று பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறி வைத்து எழுதியவருக்குச் சுழியம் தேவைப்பட்டிருக்காது. யூனிகோடிலேயே தமிழ்ச் சுழியம் 2005-இல்தான் சேர்ந்தது. அதை நீங்கள்தான் வரைய வேண்டும். காம்பஸை எடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் 'மீதி' என்று எழுதியிருக்கிறார். அந்த மீ-யின் மேல்விலங்கில் ஒரு சிறு சுழி இருக்கிறது, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து. நான்கு நோட்டிலும் அதை எத்தனை தரம் போட்டிருப்பார்! அதிலிருந்து தொடங்குங்கள். வரைந்ததும் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்.