பிக்கப் இல்லையென்றால் கிளட்ச் பிளேட்தான் போய்விட்டதா?

கேள்வி: என்னுடையது 2012 மாடல் மாருதி ஆல்டோ. 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போன வாரம் போடிமெட்டு ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின்தான் இரைந்தது, வண்டி ஏறவில்லை. கருகல் வாடையும் வந்தது. பிளேட் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். வீட்டில் நானே ஏதாவது பார்க்க முடியுமா?

பதில்: கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அதாவது இன்ஜின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பிளேட் பிடிக்காமல் வழுக்குகிறது; அதில் சந்தேகமில்லை. ஆனால் ஸ்லிப் ஆனாலே பிளேட் முடிந்துவிட்டது என்று பொருள் இல்லை. கியர்பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன் பெடலின் பிரீ பிளேயை, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா போகும் தூரத்தைப் பாருங்கள்.

ஆல்டோவில் இருப்பது பெடலோடு கேபிளால் இணைத்த கேபிள் கிளட்ச். பிளேட் தேயத் தேய பிரீ பிளே குறைந்துகொண்டே வரும். கவனிக்காமல் விட்டால், பெடலில் கால் இல்லாதபோதும் ரிலீஸ் பேரிங் (பிடியைத் தளர்த்தும் பாகம்) பிரஷர் பிளேட்டை (கிளட்ச் பிளேட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) அழுத்திக்கொண்டிருக்கும். அப்போது பாதி பெடலை மிதித்தபடி மலையேறுவது போலத்தான்.

இன்ஜினை அணைத்துவிட்டு பெடலைக் கையால் அழுத்துங்கள். லேசாகப் போய், சட்டென்று கனம் தட்டும் இடம் வரை ஸ்கேலால் அளங்கள். சுமார் ஒரு விரல் அகலம் இருக்க வேண்டும். சரியான அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். எடுத்த எடுப்பிலேயே கனம் தட்டினால், குறை கேபிளில் இருக்கலாம். கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் முடியும் இடத்தில், கேபிள் இழுக்கும் ரிலீஸ் ஆர்மில் ஒரு நட் இருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் பெடலை அளந்து பாருங்கள். கேபிள் இழை பிரிந்திருந்தாலோ துருவேறி இறுகியிருந்தாலோ கேபிளையே மாற்றுங்கள். தயவுசெய்து வெறும் ஜாக்கி தாங்கும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

நட்டை அளவுக்கு மேல் தளர்த்தினால் நேர் எதிரான தொல்லை வரும்: கிளட்ச் முழுதாக விடாது, ரிவர்ஸ் போடும்போது கரகரக்கும். இன்ஜின் அணைந்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு விழும் கியர், ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சரி, அளவு வைத்தாயிற்று. இப்போது ஆளில்லாத சமதளத்தில் ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் உடனே பெடலை மிதித்துவிடுங்கள். மெக்கானிக் சொன்னதுதான் சரி. இந்தச் சோதனையை ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம், பிளேட் சூடேறிவிடும். உங்களுக்குக் கருகல் வாடை வந்திருப்பதால், இந்த முடிவுக்கும் தயாராக இருங்கள்.

கியர்பாக்ஸை இறக்குவது வீட்டு வேலை இல்லை. ஆனால் இறக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாகவே மாற்றச் சொல்லுங்கள்; பேரிங்கில் காசை மிச்சம் பிடித்தால் பிறகு அதற்காகவே மறுபடி இறக்க வேண்டிவரும். பழைய பிளேட்டில் ஆயில் பிசுக்கு இருந்தால் ஆயில் சீல் கசிகிறது. அதை மாற்றாமல் புது பிளேட் போட்டால், அதுவும் சீக்கிரம் வழுக்கும்.

ஹைட்ராலிக் கிளட்ச் (கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்குவது) வைத்திருப்பவர்களுக்கு இந்த நட் கதை பொருந்தாது. அவர்கள் பார்க்க வேண்டியது புளூயிட் அளவையும் கசிவையும். பெடலை நாலைந்து முறை அடித்தால்தான் கியர் விழுகிறது என்றால், லைனில் காற்று புகுந்திருக்கலாம்.