பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்த பிறகு சென்னையில் மனம் ஒட்டவே மாட்டேன் என்கிறது. நண்பர்கள் கூப்பிட்டாலும் வெளியே போகத் தோன்றவில்லை. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து வேலைக்காக மடிப்பாக்கம் வந்து 14 வருடம் ஆகிறது. முதல் நாலைந்து பொங்கலுக்கு எனக்கும் இதே கதைதான். கரிநாள் முடிந்து பஸ் ஏறும்போதே தொண்டை அடைக்கும். சென்னை வந்து கதவைத் திறந்தால் பத்து நாள் பூட்டிக் கிடந்த வீட்டின் வாடை. அங்கே காலையில் கண் விழித்தால் அடுப்படியில் நாலு பேர் பேச்சுக் குரல் கேட்கும். இங்கே மோட்டார் ஓடும் சத்தம் மட்டும்தான். சனி, ஞாயிறு வந்தால் போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிடுவேன். அதனால் நீங்கள் எழுதியிருப்பதை மிகைப்படுத்தல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் உடம்பைக் கவனியுங்கள். விடுமுறை கடைசி நாள் இரவு பஸ் ஏறினால் ஜிஎஸ்டி ரோட்டில் பாதி உயிர் போய்விடும். பரனூர் சுங்கச்சாவடியில் தொடங்கி சிங்கப்பெருமாள் கோவில், கூடுவாஞ்சேரி என்று ஊர்ந்து ஊர்ந்து, விடியக்காலை ஐந்து மணிக்குக் கிளாம்பாக்கம் வர வேண்டிய பஸ் எட்டரைக்கு வரும். அங்கிருந்து நேரே ஆபீஸ் போனால் அந்த வாரம் முழுக்க மண்டைக்குள் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். நான் இப்போதெல்லாம் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிடுகிறேன். ரயிலில் 60 நாளுக்கு முன்தான் முன்பதிவு திறக்கிறது (2024 நவம்பருக்கு முன்னால் 120 நாள் இருந்தது). அதனால் திரும்பி வரும் தேதியை நவம்பரிலேயே முடிவு செய்துவிட வேண்டும். அந்த ஒரு நாள் ஊரில் குறைகிறதே என்று வருத்தம் இருக்கும். இருந்தாலும் துணி துவைக்கவும் தூங்கவும் ஒரு பகல் கையில் இருந்தால் திங்கட்கிழமை அவ்வளவு கொடுமையாகத் தெரியாது.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் அம்மா கட்டிக் கொடுக்கும் பை.

"ஏட்டி, இதையும் வச்சுக்கோ. அங்கன இதெல்லாம் எங்க கெடைக்கப் போவுது" என்று சொல்லிச் சொல்லியே அம்மா இரண்டு பைகளை நிறைத்துவிடுவாள். பனங்கிழங்கு ஒரு கட்டு, சிறுகிழங்கு நாலு கிலோ, கல்லிடைக்குறிச்சி அப்பளம், முறுக்கு, ஒரு சீப்பு நாட்டு வாழைப்பழம். ஒற்றை ஆளுக்கு இது எதற்கு என்று ஒவ்வொரு முறையும் சண்டை போடுவேன். ஆரம்பத்தில் அதையெல்லாம் யாருக்கும் கொடுக்கத் தோன்றவில்லை. எல்லாம் எனக்கு, எங்கள் ஊருடையது, கொஞ்சம் கொஞ்சமாக வைத்துச் சாப்பிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். ஒரு வருடம் பனங்கிழங்கை பிளாஸ்டிக் பையோடு ஃப்ரிட்ஜில் திணித்தேன். பத்தாம் நாள் பார்த்தால் பூசணம் பூத்துக் கிடந்தது. புரட்டாசி, ஐப்பசியில் அப்பா பனங்கொட்டையைப் பாத்தி கட்டிப் புதைத்து, மூன்று மாதம் காத்திருந்து தோண்டி எடுத்தது. குப்பைத்தொட்டி பக்கத்தில் நின்று அழுதேன்.

அடுத்த வருடம் சிறுகிழங்கை எடுத்துக்கொண்டு கீழ் வீட்டுக்குப் போனேன். அங்கே ஒரு அக்கா இருக்கிறார், தஞ்சாவூர்ப் பக்கம். ஒரு வருடமாக மாடிப்படியில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான். "என்னம்மா இது, சேப்பங்கிழங்கு பொடிசா இருக்கே?" என்று கேட்டார். சிறுகிழங்கை அவர் பார்த்ததே இல்லை. அது மார்கழி, தை மாதங்களில்தான் வரும். நெல்லைப் பக்கத்தில் அது இல்லாமல் பொங்கல் சாப்பாடு இல்லை.

தோல் உரிப்பது பெரிய வேலை. அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, மண் கரைந்ததும் ஒரு சாக்கில் போட்டு வாயைக் கட்டி, துவைக்கிற கல்லில் வைத்து அடித்து அடித்து உருட்ட வேண்டும். சாக்கின் சொரசொரப்பில் தோல் கழன்றுவிடும். மிச்சத்தைக் கத்தியால் சுரண்டணும். விரல் நகமெல்லாம் கறுத்துப்போகும், இரண்டு நாளைக்குப் போகாது. அன்றைக்கு மொட்டை மாடியில் நானும் அக்காவும் சாக்கின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உருட்டினோம். சின்ன வெங்காயம் வதக்கி, தேங்காயும் சீரகமும் மிளகாய் வற்றலும் அரைத்துப் போட்டுப் பொரியல் செய்தோம். சாப்பிட்டு முடித்தபோது மணி மூன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர் நினைப்பில் நான் படுத்திருக்கவில்லை. ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இந்த வித்தியாசம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதிலிருந்து திரும்பி வந்த முதல் வாரத்திலேயே பையைக் காலி செய்துவிடுவது என்று வைத்திருக்கிறேன். பனங்கிழங்கை அவித்து ஆபீஸுக்குக் கொண்டு போவேன். நாரை எப்படி உரிக்கணும், நடுக்குருத்தை ஏன் எடுத்துவிடணும் என்று காட்டிக்கொண்டே மதிய இடைவேளை போய்விடும். விருதுநகர்க்காரப் பையன் ஒருவன் அவன் வீட்டுச் சேவு கொண்டு வருவான். மெல்ல மெல்ல எல்லோரும் பை திறக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நண்பர்கள் கூப்பிடுகிறார்கள் என்றீர்களே, எங்கே கூப்பிடுகிறார்கள்? மாலுக்கும் சினிமாவுக்கும் என்றால் முதல் வாரம் வேண்டாம். ஊரில் பத்து நாள் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்த மனதுக்கு அந்த வெளிச்சமும் சத்தமும் ஒத்து வராது, தனிமை இன்னும் கூடும். அவர்கள் வீட்டுக்கே போங்கள். கையில் ஒரு பொட்டலம் இருந்தால் போவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை, "சும்மா வந்தேன்" என்று தயங்க வேண்டியதும் இல்லை. என் ஹாஸ்டல் காலத்துத் தோழி மயிலாப்பூரில் இருக்கிறாள். அப்பளக் கட்டை அவளுக்கென்று எடுத்து வைப்பேன், தைப்பூசம் வரை. அதையொட்டி மூன்று இரவு கபாலீசுவரர் கோயில் தெப்பம். தைப்பூசம் 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11. எப்படியும் பொங்கல் முடிந்து நாலு வாரத்துக்குள் வந்துவிடும். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறித் திருமயிலையில் இறங்கினால் குளம் பக்கம்தான். படியில் இடம் வேண்டுமென்றால் ஆறரைக்குள் போய்விட வேண்டும். விளக்கு அலங்காரத்தோடு தெப்பம் நகர ஆரம்பித்ததும் கூட்டம் முழுக்க ஒரு நிமிடம் அடங்கும். தாமிரபரணிப் படித்துறையில் உட்கார்ந்திருப்பது போலவே எனக்கு இருக்கும்.

இப்போது அம்மா போன் செய்தால் "சாப்பிட்டியா" என்பதோடு பேச்சு நிற்பதில்லை. யார் யாருக்குக் கொடுத்தாய், என்ன சொன்னார்கள் என்று கேட்கிறாள். இந்த வருடம் சிறுகிழங்கை இரண்டு பையாகக் கட்டியிருந்தாள். பெரிய பை கீழ் வீட்டு அக்காவுக்கு. அம்மாவுக்கென்று அக்கா போட்ட மோர்மிளகாய் இப்போது என் அலமாரியில் இருக்கிறது, அடுத்த முறை கொண்டு போகணும்.

உங்கள் ஊர் எது என்று எழுதவில்லை. எந்த ஊராக இருந்தாலும் பையில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கும். முறுக்கு என்றால் வார இறுதி வரை தாங்கும். கிழங்கோ பழமோ என்றால் இன்றைக்குச் சாயங்காலமே எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.