எடிட்டர் தடுக்கிய இடம்

அன்புள்ள அக்கா,

என் முதல் சிறுகதைத் தொகுப்பை ஒரு பதிப்பகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. போன வாரம் எடிட்டரிடமிருந்து ஃபைல் திரும்பி வரும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தேன். 11 கதைகளில் 200 குறிப்புகளுக்கு மேல். ஒரு கதையில் முதல் ஒன்றரைப் பக்கத்தை அப்படியே அடித்துவிட்டார். இன்னொன்றில் ‘இவள் ஏன் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள் என்று புரியவில்லை’ என்கிறார். கவனமாகப் படித்தால் புரியும். மூன்று நாளாக ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டால் அது என் கதையாக இருக்குமா? மறுத்தால் புத்தகம் வருமா? நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதல் வேலையாக, அந்தப் பதில்களை அனுப்பிவிடாதீர்கள். அழிக்கவும் வேண்டாம். தனி ஃபைலில் எடுத்து வையுங்கள், எதற்கு என்று அப்புறம் சொல்கிறேன்.

200 என்ற எண்ணைப் பார்த்து மிரள ஒன்றுமில்லை. அதில் பெரும்பாலானவை ஒற்றும் காற்புள்ளியுமாகத்தான் இருக்கும். எனக்கு ‘வந்துக்கொண்டிருந்தான்’ என்று வேண்டாத இடத்தில் ஒரு ‘க்’ போடும் வியாதி இத்தனை வருஷமாகியும் போகவில்லை, ஒவ்வொரு புத்தகத்திலும் யாராவது ஒருவர் உட்கார்ந்து அதைப் பொறுக்கி எடுக்கிறார், பாவம். அந்த மாதிரித் திருத்தங்களுக்கெல்லாம் யோசிக்காமல் சரி என்று போட்டுவிட்டுப் போங்கள். மீதி முப்பதோ நாற்பதோ நிற்கும். உங்களுக்குக் கோபம் வந்ததும் அவற்றில்தான்.

என் பழைய கதை ஒன்றில் இப்படி ஓர் இடம். வேலை போன விஷயத்தை வீட்டில் சொல்லாத ஓர் அப்பா சாயங்காலம் திரும்பி வருகிறார். ‘அப்பா செருப்பைக் கழற்றி வைத்தார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மிகவும் சோர்ந்து போயிருந்தார்.’ எடிட்டர் கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டு, ‘இது வேண்டாமே’ என்று ஒரு வரி எழுதியிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. அதை எடுத்துவிட்டால் அவர் சோர்ந்திருப்பது எப்படித் தெரியும்? எடுத்துப் பார்த்தேன், தெரியத்தான் இல்லை. திரும்பப் போட்டேன், இப்போது எனக்கே உறுத்தியது. இரண்டு நாள் இப்படியே எடுப்பதும் போடுவதுமாகப் போன பிறகுதான் கோளாறு கடைசி வாக்கியத்தில் இல்லை, முதல் வாக்கியத்தில் என்று உறைத்தது. ‘அப்பா ஒரு செருப்பைக் கழற்றினார். மற்றதைக் கழற்றாமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார்.’ அவ்வளவுதான், சோர்வு என்ற சொல்லே தேவைப்படவில்லை. எடிட்டர் இப்படி மாற்றச் சொல்லவில்லை, அவர் சொன்ன மருந்து தப்பு. ஆனால் வலிக்கிற இடத்தைச் சரியாகத்தான் தொட்டிருந்தார். அன்றிலிருந்து நான் குறிப்புகளை இப்படித்தான் படிக்கிறேன்: இந்த இடத்தில் ஒருவர் தடுக்கியிருக்கிறார். ஏன் தடுக்கியது என்று கண்டுபிடிப்பது என் பாடு.

இப்போது அந்தப் பதில்களுக்கு வருவோம். அவள் ஏன் திரும்பி வருகிறாள் என்பதற்கு நீங்கள் எட்டுப் பத்து வரியாவது எழுதியிருப்பீர்கள். அதை எடுத்துக் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த விளக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு விவரம் கதையில் இருக்காது, பந்தயம் கட்டுகிறேன். உங்கள் மனசில் அவ்வளவு தெளிவாக இருந்ததால் எழுதிவிட்டதாகவே நினைத்துவிட்டீர்கள். ‘கவனமாகப் படித்தால் புரியும்’ என்கிறீர்கள். உங்கள் கதையை அவரைவிடக் கவனமாகப் படிக்கப்போகிற இன்னொரு ஆள் எங்கே இருக்கிறார்?

இதைவிட மோசமான நிலைமையும் உண்டு, எழுதியவருக்கே தெரியாமல் இருப்பது. 1924 நவம்பரில் எடிட்டர் மேக்ஸ்வெல் பெர்கின்ஸ், ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலின் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, அதை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் ஃபிட்ஸ்ஜெரால்டுக்குக் கடிதம் எழுதுகிறார். நிறையப் பாராட்டு, கூடவே ஒரு குறை: கேட்ஸ்பி என்ற ஆள் மட்டும் கண்ணுக்குப் பிடிபடாமல் மங்கலாக இருக்கிறான், அவனுக்குப் பணம் எப்படி வந்தது என்பதற்கும் தடயம் போதவில்லை. ஃபிட்ஸ்ஜெரால்ட் சண்டைக்குப் போகவில்லை. அவன் எப்படி இருப்பான், என்ன தொழில் செய்கிறான் என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை, அது உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்ற பொருளில் பதில் எழுதினார். அப்புறம் அச்சுக்குப் போன புரூஃபிலேயே உட்கார்ந்து திருத்தினார், 1925 ஏப்ரலில் நாவல் வந்தது. பெர்கின்ஸ் அவருக்காக ஒரு வரிகூட எழுதித் தரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இதைச் சொல்லிவிட்டு அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வரைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. 1981இல் வந்த அவருடைய தொகுப்பில் எடிட்டர் கோர்டன் லிஷ் மொத்தத்தில் பாதிக்கு மேல் வெட்டினார், முடிவுகளை மாற்றினார், தலைப்புகளைக்கூட. வேலையை நிறுத்துங்கள் என்று கார்வர் 1980 ஜூலையில் கெஞ்சாத குறையாகக் கடிதம் எழுதினார், ஆனாலும் புத்தகம் வெளிவந்தது, புகழும் வந்தது. வெட்டுப்பட்ட கதைகளில் ஒன்றை 1983 தொகுப்பில் அவரே முழுசாக மீட்டுப் போட்டார். மூலப்பிரதி மொத்தமும் அச்சில் வந்தது 2009இல், அவர் இறந்து 21 வருஷம் கழித்து. லிஷின் கத்தரி பல இடங்களில் அபாரமாக வேலை செய்தது என்பதுதான் இதில் சங்கடமே. இருந்தாலும் நான் கார்வர் பக்கம்தான். கதை நன்றாக வந்ததா என்பது ஒரு கேள்வி, யாருடைய கதை என்பது வேறு கேள்வி.

அதனால் நிற்க வேண்டிய இடத்தில் நின்றுகொள்ளுங்கள். பாத்திரங்களின் பேச்சை அவர் எழுத்துத் தமிழாக்கியிருந்தால் விடாதீர்கள், ‘அவங்க வூட்ல இல்ல’ என்கிற கிழவியை ‘அவர்கள் வீட்டில் இல்லை’ என்று பேசவைத்தால் கிழவி செத்தாள். முடிவை மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள், எழுத்தில் வேண்டாம், போன் பண்ணுங்கள். திரையில் கடுப்பாகத் தெரிகிற குறிப்பு, பேசும்போது பாதி நேரம் வெறும் சந்தேகமாகத்தான் இருக்கும். மறுக்கும்போது ஒரு வரிக் காரணம் போதும், அந்த ஒரு வரி உங்களுக்குக் கிடைக்கவே மாட்டேன் என்றால் அங்கே அவர் சொல்வதில் ஏதோ இருக்கிறது. மறுத்தால் புத்தகம் வருமா என்கிறீர்கள். இதுவரை என் மறுப்புகளால் எந்தப் புத்தகமும் நின்றதில்லை, எல்லாவற்றுக்கும் தலையாட்டிய புத்தகம் ஒன்றைத்தான் இன்று என்னால் புரட்டக்கூட முடியவில்லை.

அந்த ஒன்றரைப் பக்கம்: கதையை இதுவரை படிக்காத யாரிடமாவது, அடித்ததற்கு அப்புறம் வரும் பகுதியிலிருந்து கொடுங்கள். அவர் எங்கேயாவது முழித்தால், அங்கே தேவைப்படும் விவரத்தை மட்டும் ஒன்றரைப் பக்கத்திலிருந்து எடுத்து உள்ளே கொண்டுபோங்கள். முழிக்கவில்லை என்றால் உங்களுக்கே தெரியும். ஃபைலை எப்போது திருப்பித் தர வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. அவகாசம் ஒரு வாரம்தான் என்றால் இன்றைக்கே கேட்டு இன்னும் பத்து நாள் வாங்கிவிடுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.