சரிந்த இமை எப்போது நிமிரும்?

கேள்வி: என் வயது 46. புருவங்களுக்கு நடுவே விழுந்த கோடுகளுக்காக ஒரு கிளினிக்கில் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டேன். ஐந்தாம் நாள் காலையில் வலது மேல் இமை சரிந்து, கண்மணியில் பாதியை மறைத்திருந்தது. கேட்டால், 'போகப் போகச் சரியாகிவிடும்' என்கிறார்கள். மூன்று வாரத்தில் மகளுக்குத் திருமணம். அழுத்தித் தேய்த்தால் மருந்து கலைந்துவிடும் என்கிறார் தோழி. மாற்று ஊசி உண்டா? பார்வை போய்விடுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இமை சரிவதால் உங்கள் பார்வை நரம்புக்குப் பாதிப்பு வராது. போடாக்ஸ் என்பது, தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் நரம்பு முனையிலிருந்து வெளிவராமல் தடுக்கும் மருந்து. புருவ நடுவில் செலுத்திய மருந்தில் சிறிதளவு கசிந்து, மேல் இமையைத் தூக்கும் தசையை எட்டிவிட்டால், அந்தத் தசையும் தற்காலிகமாகத் தளர்ந்துவிடும். மருந்தின் வேலை சில நாள் கழித்தே தெரியும் என்பதால்தான் ஐந்தாம் நாளில் கவனித்தீர்கள்.

தயவுசெய்து தேய்க்காதீர்கள். நரம்பு முனைக்குள் போய்விட்ட மருந்தைத் தேய்த்து வெளியேற்ற முடியாது. ஊசி போட்ட கையோடு தேய்த்திருந்தாலோ, அது இன்னும் பரவியிருக்கும். மாற்று ஊசியும் இல்லை. ஹையலூரோனிடேஸ் என்ற கரைப்பு ஊசி கரைப்பது, முகத்தில் பள்ளங்களை நிரப்பப் போடும் ஹையலூரோனிக் அமில ஃபில்லரை மட்டுமே. போடாக்ஸை அது ஒன்றும் செய்யாது. கோடுகள் மறைந்திருப்பது மூன்று நான்கு மாதம் நீடித்தாலும், இமைச் சரிவு பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். திருமணத்துக்குள் முழுவதும் நிமிர்ந்துவிடும் என்று நான் உறுதி கூறமாட்டேன். 'சரியாகிவிடும்' என்பதோடு கிளினிக் இதையும் சொல்லியிருக்க வேண்டும்.

இடைக்கால உதவியாக ஏப்ராகுளோனிடின் போன்ற சொட்டு மருந்து உண்டு. இமையில் உள்ள இன்னொரு சிறு தசையைத் தூண்டி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் சில மணி நேரம் அது தூக்கிப் பிடிக்கும். கேட்கச் சிறிய அளவுதான். ஆனால் கண்மணி மறைவதற்கும் தெரிவதற்கும் அதுவே போதும். கண் சிவத்தல், அரிப்பு போன்றவை வரலாம். இதய நோயோ மனச்சோர்வு மாத்திரையோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். ஆகவே இப்போதே கண் மருத்துவரைப் பாருங்கள். இமைச் சரிவுக்கு வேறு காரணம் இல்லை என்பதையும் அவர் உறுதி செய்வார். இரட்டையாகத் தெரிவது, இரு கண்மணிகளின் அளவு வேறுபடுவது, கடும் தலைவலி ஆகியவை இருந்தால் அன்றே காட்ட வேண்டும். விழுங்கவோ பேசவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் நேரே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஊசி போட்டுச் சில வாரம் கழித்துக்கூட இது வரலாம்.

கிளினிக்கிலிருந்து மருந்தின் பெயர், தொகுதி எண், எத்தனை யூனிட், எந்தெந்த இடத்தில் என்ற விவரங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கண் மருத்துவர் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தால், அது உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதைச் சில நாள் முன்பே வீட்டில் போட்டுப் பார்த்துவிடுங்கள். முகூர்த்தத்தன்று காலையில் முதல்முறையாகப் போட வேண்டாம்.