எண்ணெயையும் அமிலத்தையும் கலந்தால் ஸ்லரி கிடைத்துவிடுமா?

கேள்வி: பாத்திரம் கழுவும் திரவம் சிறிய அளவில் தயாரித்து விற்கிறேன். அதில் அழுக்கை நீக்கும் முக்கிய மூலப்பொருளான ஆசிட் ஸ்லரி விலை கட்டுப்படியாகவில்லை. எல்.ஏ.பி. (லீனியர் அல்கைல் பென்சீன்) எண்ணெயும் கந்தக அமிலமும் தருவதாகவும், டிரம்மில் ஊற்றிக் கலக்கினாலே ஸ்லரி ஆகிவிடும் என்றும் ஒரு தரகர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அவர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. அந்த எண்ணெயில் உள்ள பென்சீன் வளையத்தில் கந்தக அமிலம் சல்போனிக் தொகுதியை (கந்தகமும் ஆக்சிஜனும் கொண்ட அணுக்கூட்டத்தை) ஏற்றும்; ஏறியதும் அது ஸ்லரி. ஆனால் வினை நடக்க நடக்கத் தண்ணீரும் உண்டாகிறது. அமிலம் நீர்த்துப்போய் வினை பாதியில் படுத்துவிடும். சூடேற்றலாமே என்பார். நீர்த்த அமிலத்தில் கடுமையாகச் சூடேற்றினால் ஏறிய தொகுதியும் கழன்றுவிடும். இதனால்தான் பெரிய ஆலைகள், உலர்ந்த காற்றில் கலந்த சல்பர் டிரை ஆக்சைடு வாயுவை, குளிரூட்டிய குழாய்ச் சுவரில் மெல்லிய படலமாக வழியும் எண்ணெய்மீது செலுத்துகின்றன. வினையில் தண்ணீர் வருவதில்லை.

‘ஓலியத்தில் செய்கிறார்களே’ என்று அடுத்து மடக்குவார். செய்கிறார்கள்தான். ஓலியம் என்பது அதே டிரை ஆக்சைடு கரைந்த கந்தக அமிலம். வினையில் வரும் தண்ணீரை அதுவே விழுங்கிவிடும். ஆனால் அதற்குக் குளிர்நீர் உறை போட்ட கலன் வேண்டும், ஓலியத்தைச் சிறுகச் சிறுக விடும் ஏற்பாடு வேண்டும், புகையைப் பிடிக்கும் கருவி வேண்டும். எல்லாம் இருந்தாலும், கடைசியில் தண்ணீர் சேர்த்துப் பிரிக்கும்போது அடியில் கழிவு அமிலம் தங்கும். அதை எங்கே கொட்டுவீர்கள்? தெருச் சாக்கடையிலா?

அமிலம் விற்பவர், வாங்குபவரின் முகவரியையும் காரணத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இலேயே சொல்லிவிட்டது. அந்தப் பதிவேட்டை எத்தனை கடைகளில் பார்த்திருக்கிறீர்கள்? ஒருநாள் பயிற்சி, மாலையில் சான்றிதழ் என்று சுயதொழில் முகாம் நடத்துகிறவர்களில் பலர் கையுறையைப் பற்றிக்கூட வாய் திறப்பதில்லை.

உங்கள் பணம் உண்மையில் கரைவது கலப்படச் சரக்கில். 100 கிராம் ஸ்லரியைத் தண்ணீரில் கரையுங்கள். தனியாகக் கரைத்து ஆறவைத்த காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பி.எச். தாள் (அமில, காரத் தன்மை காட்டும் தாள்) 7, அதாவது நடுநிலை, காட்டும்போது நிறுத்துங்கள். நல்ல 96 சதவீத ஸ்லரிக்கு ஏறக்குறைய 13 கிராம் காஸ்டிக் போதும். 16 கிராம் கேட்டால் மிச்சக் கந்தக அமிலம் உள்ள மட்டச் சரக்கு. 11 கிராமிலேயே நின்றால் தண்ணீரோ வேறெதுவோ கலந்திருக்கிறார்கள். பெரிய டிரம் வாங்கும் முன் மாதிரி கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.