செவ்வாய் மாலை வந்தாலே வயிறு பிசைகிறது

கேள்வி: தக்கலை அருகே வசிக்கிறேன். வயது 29. பி.காம். படித்திருக்கிறேன். நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் நான்கு ஆண்டுகளாக பில் போடும் வேலை. சம்பளம் 13,500 ரூபாய். புதிதாக வந்த மேலாளர் வாடிக்கையாளர்கள் முன்னிலையிலேயே கத்துகிறார். உட்கார விடுவதில்லை. இரவு பதினொரு மணிக்கும் வாட்ஸ்அப்பில் கணக்குக் கேட்கிறார். என் கணவர் வளைகுடாவில் இருப்பதைச் சொல்லிக்காட்டி, "யாருக்காக இந்த அலங்காரம்?" என்று போன மாதம் இரண்டு முறை கேட்டுவிட்டார். செவ்வாய் எனக்கு விடுமுறை. அன்று மாலையானாலே வயிறு பிசைகிறது, தூக்கம் வருவதில்லை. காலையில் போகிற பஸ் எதிலாவது மோதினால் நல்லது என்றுகூடத் தோன்றுகிறது. மாமியார் "எல்லா இடமும் இப்படித்தான், அனுசரித்துப் போ" என்கிறார். அசல் சான்றிதழ்கள் கடையில் இருக்கின்றன. குழுக் கடனும் இருக்கிறது. வேலையை விடுவதா, பொறுத்துக்கொள்வதா?

பதில்: சகோதரி, அந்த பஸ் வரியிலிருந்து தொடங்குகிறேன். அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எங்களைப் போன்ற மனநல மருத்துவர்களுக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். சாக வேண்டும் என்று நீங்கள் எண்ணவில்லை. இன்றைக்குக் கடைக்குப் போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைக்காதா என்று மனம் தேடுகிறது. ஆனாலும் இந்த எண்ணம் அடிக்கடி வந்தாலோ, "நானே ஏதாவது செய்துகொண்டால்" என்று மாறினாலோ அன்றைக்கே 14416-ஐ அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தூக்கமின்மையும் பிடிப்பின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒரு காலை நேரத்தில் போய்வாருங்கள்.

வயிறு பிசைவது கற்பனையன்று. கத்தல் விழப்போகிறது என்று மூளை முன்கூட்டியே எச்சரிக்கும்போது உடம்பு ஓடுவதற்குத் தயாராகிறது: நெஞ்சு படபடக்கும், செரிமானம் தடுமாறும், தூக்கம் கலையும். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் செய்தால் படபடப்பு ஓரளவு தணியும். தணியும், அவ்வளவுதான். மேலாளர் கத்துவதை எந்த மூச்சுப் பயிற்சியாலும் நிறுத்த முடியாது. வேலையிடத்துக் கோளாறை ஊழியரின் தியானத்தால் சரிசெய்யச் சொல்லும் அறிவுரைகளைக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. தீராத பணி நெருக்கடியால் வரும் சோர்வை உலக சுகாதார நிறுவனமே 2019-இல் தனிநோயாகச் சேர்க்காமல், வேலை சார்ந்த பாதிப்பு என்றுதான் வகைப்படுத்தியது.

விடுவதா, பொறுப்பதா என்ற கேள்விக்கு இன்றைக்கே விடை தேட வேண்டாம். வெளியேறுவதற்கு வேண்டியதை முதலில் கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அதே கத்தலைக் கேட்டுக்கொண்டு நிற்பதுகூட வேறு மாதிரி இருக்கும். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழகத்தில் முதலிடம் பிடித்தது நம் குமரி மாவட்டம். படித்தவர்கள் இத்தனை பேர்; வேலையோ பெரும்பாலும் கடை, தனியார் பள்ளி, தனியார் மருத்துவமனை. "நீ போனால் நாளைக்கே பத்துப் பேர் வருவார்கள்" என்று முதலாளிகளால் சொல்ல முடிவது இதனால்தான். அந்தப் பேச்சை உங்கள் தகுதிக்கான மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் சான்றிதழ்கள். தேவைப்படுகிறது என்று எழுதிக் கேளுங்கள், அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் உதவி தருவார்கள், தொலைபேசியில் 15100. அடுத்து, சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் அதில் வருவார்கள். சந்தா நாட்கள் போதுமான அளவு இருந்து, மருத்துவர் ஓய்வுச் சான்று தந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். உங்கள் கணக்கில் அது மாதம் சுமார் 9,450 ரூபாய். குழுத் தவணை கட்டவாவது ஆகும். மூன்று மாத வீட்டுச் செலவு சேரும் வரை புதுச் சீட்டு எதிலும் சேர வேண்டாம். வேறு வேலை தேடுவது கடையில் யாருக்கும் தெரிய வேண்டாம், நெருங்கிய தோழிக்கும்கூட.

"யாருக்காக இந்த அலங்காரம்" என்ற பேச்சுக்கு வருகிறேன். கோபக்காரர் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இது 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்கீழ் புகார் செய்யத்தக்கது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றாலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டித்துத் தரலாம். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் இன்றிரவே எழுதத் தொடங்குங்கள்: தேதி, நேரம், அவர் சொன்ன சொற்கள் அப்படியே, பக்கத்தில் நின்றவர் யார். புத்தகம் வீட்டில் இருக்கட்டும். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். புகார் கொடுப்பதா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். எழுதி வைப்பதைத் தள்ளிப்போட முடியாது. இன்னொரு பலனும் உண்டு: தாளில் இறங்கிவிட்ட பேச்சு நள்ளிரவில் மனத்துக்குள் சுற்றுவது குறையும்.

உட்காரும் உரிமையும் உங்களுக்கு உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் செய்த திருத்தத்தின்படி ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும். மீறினால் தொழிலாளர் துறைக்கு எழுதலாம். தனியாக எழுதுவதைவிட நாலைந்து பேர் சேர்ந்து எழுதுவது நல்லது.

இரவு பதினொரு மணிச் செய்திக்கு, "இனி பதில் தர மாட்டேன்" என்று அறிவித்துக்கொண்டு நிற்க வேண்டாம். அது புதுச் சண்டையாகும். ஒன்பதரைக்கு மேல் அந்த எண்ணின் ஒலியை அடக்கிவிட்டு, காலையில் கடைக்குள் நுழைந்ததும் "பார்த்தேன் சார், கணக்கு இதோ" என்று பதில் போடுங்கள். ஒரு வாரம் முணுமுணுப்பார். பெரும்பாலும் பிறகு பழகிவிடுவார்.

கணவரிடம் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. தொலைவில் இருப்பவர் வருந்துவாரே என்று மறைக்கிறீர்கள் போலும். "வேலையை விடப்போகிறேன்" என்று தொடங்கினால் அவருக்குக் கடன்தான் கண்முன் நிற்கும். "எனக்குத் தூக்கம் போய்விட்டது" என்று தொடங்குங்கள். மாமியாரிடம் வாதாட வேண்டாம். அவர் காலத்தில் அனுசரிப்பதைத் தவிர அவருக்கும் வேறு வழி இருந்திருக்காது.

ஆசாரிபள்ளம் போக வருகிற செவ்வாய்க்கிழமையே தோதான நாள். எங்கே கிளம்புகிறாய் என்று வீட்டில் கேட்டால், வயிற்று வலிக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.